மாமி எந்த ஆண்டில் இருக்கிறா?

“காலமை என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கேட்டால் மாமிக்குத் தெரியாது. ஆனால் தொண்ணூறாம் ஆண்டு ஊரை விட்டு வெளிக்கிடேக்கை எந்தப் பையில என்ன வைச்சவ எண்டு ஒண்டும் விடாமல் சொல்லுவா. மறதி வருத்தம் எண்டால் எல்லாத்தையும் எல்லோ மறக்கவேணும்?”

ஊர்காவற்றுறையில் கணவரின் தாயைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் இப்படிக் கேட்டார். ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி அல்ல இது. இரண்டாவது தடவையும் அடுப்பில் தண்ணீர் வைக்க வேண்டியதாயிற்று. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மண்டைதீவிலிருந்து நெடுந்தீவு வரைக்கும் இதே கேள்வியோடு விடிகிற வீடுகள் இருக்கின்றன. அவற்றில் அநேகமாக ஒரே ஒரு பெண்தான் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருக்கிறார்.

முதலில், மாமி நடிக்கவில்லை. வேண்டுமென்றே ஒன்றை மறந்து இன்னொன்றை வைத்துக்கொள்ளவும் இல்லை. நினைவு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது மூளைக்குள் ஒரே இடத்தில் இருக்கும் ஒரே காரியம் அல்ல. இன்று காலை புட்டா இடியப்பமா என்பது ஒரு வகை. கொழும்பு என்றொரு நகரம் உண்டு, கத்தரிக்காய் என்பது ஒரு மரக்கறி என்பது இன்னொரு வகை. ஓலை இழைக்கிற, வலை பின்னுகிற கைப்பழக்கம் வேறொரு வகை. பயமும் பாசமும் பதிவது வேறோர் இடத்தில். இவை ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்றாலும் ஒன்று கெட்டால் மற்றதெல்லாம் உடனே கெட்டுவிடுவதில்லை.

அன்றாடம் நடப்பதைப் புதிதாகப் பதிந்து வைக்க மூளைக்கு ஒரு சிறு உறுப்பு தேவை. பெயர் ஹிப்போகம்பஸ். இரண்டு காதுகளுக்கும் நேரே உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. டிமென்சியா என்ற மறதி நோய்களில் மிகப் பரவலான அல்ஸைமர் நோய் பெரும்பாலும் இந்த உறுப்பையும் அதற்கு வழிவிடும் அயல்பகுதியையும்தான் முதலில் தாக்குகிறது. தீவில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம்: இறங்குதுறை உடைந்துபோன தீவை நினைத்துப் பாருங்கள். முன்பே வந்து வீடு வீடாகச் சேர்ந்த சாமான்கள் அப்படியே இருக்கும். இன்று வந்த வள்ளத்தில் இருப்பதை மட்டும் இறக்க முடியாது. மாமி காலையில் சாப்பிட்டது இறங்கவே இல்லை. இறங்காத ஒன்றை “யோசிச்சுப் பாருங்கோ மாமி” என்று கேட்டால் அவர் எங்கே போய்த் தேடுவார்?

புதியது முதலில் போகும், பழையது கடைசியில் போகும் என்பதை 1881இலேயே தெயோதுல் ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளர் எழுதி வைத்தார். பிறகு 1953இல் அமெரிக்காவில் ஒரு சம்பவம் நடந்தது. வலிப்பு நோயைக் குறைப்பதற்காக ஹென்றி மொலெய்சன் என்ற இளைஞருக்குச் செய்த அறுவைச் சிகிச்சையில் இரு பக்கத்து ஹிப்போகம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன் பின் 2008இல் இறக்கும்வரை அவரால் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பத்து நிமிடம் முன்பு சந்தித்த ஆள் மறுபடி வந்தால் புது ஆள். ஆனால் பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் கோட்டின் மேல் கோடு வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தபோது நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முதல் நாள் அதைச் செய்தது அவருக்கு நினைவே இல்லை. கை மட்டும் கற்றுக்கொண்டது. இதை மறந்துவிடாதீர்கள். பராமரிப்பில் பிறகு இது உதவும்.

எங்கள் பக்கத்தில் வயதானவர் ஒருவர் தடுமாறத் தொடங்கினால் “அறளை பெயர்ந்திட்டுது” என்று சொல்லி விட்டுவிடுவோம். சொல்பவர்கள் இரக்கத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதோடு காரியம் நின்றுவிடுகிறது, வைத்தியரிடம் போவதில்லை. அல்ஸைமர் என்ற ஜேர்மன் வைத்தியர் 1901இல் பிராங்பேர்ட்டில் சந்தித்த பெண்ணுக்கு வயது 51தான். அவர் 1906இல் இறந்த பிறகு அவருடைய மூளையை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, கலங்களுக்கு வெளியே கறை போலப் படிந்த புரதத் திட்டுகளும் கலங்களுக்குள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளும் தெரிந்தன. வயது ஏற ஏற இந்த நோய் வரும் வாய்ப்பும் ஏறும் என்பது உண்மை. வயது வந்தால் இப்படித்தான் ஆகவேண்டும் என்பது உண்மை அல்ல. தொண்ணூறு வயதிலும் பேரப்பிள்ளைகளின் பிறந்த நாளை வரிசையாகச் சொல்கிறவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

இலங்கையில் ராகமவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே செய்து 2003இல் வெளியான ஆய்வில், நூறு பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்கு டிமென்சியா இருந்தது. உலகம் முழுவதும் 2021இல் 5 கோடியே 70 இலட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பாதிக்கு மேல் நம்மைப் போன்ற வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் இருக்கிறார்கள்.

எல்லா மறதியும் டிமென்சியா அல்ல. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சிலவற்றை மாற்ற முடியும். தைரொயிட் குறைந்தாலும் பி12 விற்றமின் குறைந்தாலும் நினைவு தடுமாறும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. மனச்சோர்வும் மறதி போலவே தோன்றும். கணவர் இறந்து, பிள்ளைகள் கடல் கடந்து போய், தனியே வளவுக்குள் இருக்கிற ஒருவருக்கு அது வருவதில் ஆச்சரியம் இல்லை. கிணற்றடியில் விழுந்து தலை அடிபட்டுச் சில கிழமைக்குப் பிறகு பேச்சு மாறினால் மண்டைக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். நித்திரைக் குளிசை, ஒவ்வாமைக் குளிசை போன்றவையும் முதியவர்களைக் குழப்பும். ஆகவே ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்கு முதலில் கொண்டுபோய்க் காட்டுங்கள். மூளையைப் படம் எடுக்கவோ நரம்பியல் நிபுணரைப் பார்க்கவோ வேண்டுமென்றால் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போகும்போது அவர் குடிக்கும் எல்லாக் குளிசைகளையும், நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று: பாரிசவாதத்தாலும் சின்னச் சின்ன இரத்தக்குழாய் அடைப்புகளாலும் வருகிற மறதி நோய், படியிறங்குவது போலத் திடீர் திடீரென்று மோசமாகும். அங்கே பிரஷரையும் சீனியையும் கட்டுப்படுத்துவதே மருந்து. வேறொரு வகையில், லூயி பொடி என்பார்கள், இல்லாத பிள்ளைகளும் பூனைகளும் விறாந்தையில் தெரியும், நடை இறுகும். அந்த நோயாளிகளுக்குச் சில மனநோய் மருந்துகள் கடும் ஆபத்து. “ஆரோ நிக்கினம் எண்டு சொல்லுறா” என்பதை வெட்கப்பட்டு மறைக்காமல் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மாமி வந்தார். “பிள்ளை, எனக்கு ஒருத்தரும் தேத்தண்ணி தரேல்லை.” பத்து நிமிடத்துக்கு முன்புதான் குடித்திருந்தார், கோப்பை இன்னும் திண்ணையில் இருந்தது. மருமகள் கோப்பையைத் தூக்கிக் காட்ட எழுந்தார். காட்டியிருந்தால் வழக்கு வென்றிருக்கும், மாமி தோற்றிருப்பார். என்ன தோல்வி என்பது ஐந்து நிமிடத்தில் அவருக்கு மறந்துபோகும். தோற்ற மனம் மட்டும் பொழுதுபடும்வரை அவரோடு இருக்கும். அரைக் கோப்பை வெறுந்தேத்தண்ணி, சீனி இல்லாமல், ஒரு கடி பனங்கட்டியோடு கொடுத்தால் போதும். அடுத்த தடவைக்கும் சேர்த்து முதல் தடவையே அரைக் கோப்பையாக ஊற்றுவது இன்னும் நல்லது. (சலரோகக்காரருக்குப் பனங்கட்டியும் சீனிதான் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.)

“என்ரை சங்கிலியை எடுத்துப்போட்டாள்” என்ற குற்றச்சாட்டும் இதே வழியில்தான் வருகிறது. மருமகள்மாரின் மனதை உடைப்பதில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. பக்கத்து வீடு வரை கேட்கும். நடப்பது இதுதான்: களவு போய்விடுமோ என்று மாமியே சங்கிலியை அரிசிப் பானைக்குள் வைத்தார். வைத்த செயல் பதியவில்லை. இப்போது வழமையான இடத்தில் சங்கிலி இல்லை. நான் வைக்கவில்லை, ஆகவே யாரோ எடுத்திருக்கிறார்கள். மூளை வெற்றிடத்தை விட்டுவைக்காது, கையில் கிடைத்ததைக் கொண்டு நிரப்பும். மிகப் பக்கத்தில் இருக்கிற ஆள் நீங்கள், அதனால்தான் உங்கள் பெயர். “நான் எடுக்கேல்லை” என்று சத்தியம் செய்வதை விட, “சங்கிலியைக் காணேல்லையோ மாமி, வாங்கோ ரெண்டு பேரும் தேடுவம்” என்பது நல்லது. அவர் வழமையாக ஒளித்து வைக்கும் இடங்களை நீங்கள் ஒரு மாதத்தில் படித்துவிடுவீர்கள்.

மனம் தோற்றது நிகழ்ச்சியை விட நீண்ட நேரம் நிற்கும் என்றேன். அது வெறும் ஊகம் அல்ல. ஜெனீவாவில் கிளப்பரேட் என்ற வைத்தியர் 1911இல் எழுதியது: தினமும் சந்தித்தாலும் தன்னை அடையாளம் காணாத ஒரு பெண் நோயாளியிடம், கைக்குள் குண்டூசியை மறைத்துக்கொண்டு கைகுலுக்கினார். அதன் பிறகு குத்தியது அந்தப் பெண்ணுக்கு நினைவில்லை. ஆனாலும் வைத்தியர் கை நீட்டியபோது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் சரியான காரணம் சொல்லத் தெரியவில்லை. 2014இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் அல்ஸைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியானவற்றையும் வெவ்வேறாகக் காட்டினார்கள். சற்று நேரத்தில் படத்தை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள், ஆனால் படம் உண்டாக்கிய துக்கமும் சந்தோசமும் அதற்கப்பாலும் நீடித்தன. ஹிப்போகம்பஸுக்கு அருகே அமிக்டலா என்று ஓர் உறுப்பு உண்டு, அச்சத்தையும் அதைப் போன்ற உணர்வுகளையும் பதிவதில் அதற்குப் பெரிய பங்கு. அது வேறு வழியில் வேலை செய்கிறது.

இதிலிருந்து ஒரு பராமரிப்பாளர் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? குளிக்க வார்க்கும்போது கிணற்றடியில் வெறும் மேலோடு நிற்கவைத்துக் குளிர்ந்த தண்ணீரைத் திடீரென்று தலையில் ஊற்றினால், மாமிக்கு அந்தச் சம்பவம் நினைவிருக்காது. ஆனால் அடுத்த நாள் வாளியைக் கண்டதும் “மாட்டன்” என்று கதவுநிலையைப் பிடித்துக்கொள்வார். நீங்கள் அதைப் பிடிவாதம் என்பீர்கள். அவர் உடம்பு நேற்றைய குண்டூசியை நினைவில் வைத்திருக்கிறது. துவாயால் தோளை மூடி, இளஞ்சூட்டுத் தண்ணீரைக் காலிலிருந்து தொடங்கி, என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்யுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை குளித்தால் போதும், உலகம் அழிந்துவிடாது.

சரி, 1990க்கு வருவோம். அந்தப் பெண் உண்மையில் கேட்க வந்ததே இதைத்தான்.

வெளிநாட்டுக் கைநூல்கள் எல்லாம் ஒரே குரலில் ஓர் ஆலோசனை சொல்கின்றன: நோயாளியைப் பழைய நினைவுகளுக்கு அழைத்துச் செல்லுங்கள், பழைய படங்களைக் காட்டுங்கள், இளமைக்காலப் பாட்டைப் போடுங்கள், அங்கே அவர் நிம்மதியாக இருப்பார். நல்ல ஆலோசனைதான். பள்ளிக்கூடம், கலியாணம், முதல் சம்பளம் என்று இளமை அமைந்தவர்களை மனதில் வைத்து எழுதியது. தீவுப்பகுதியின் எண்பது வயதுக்காரருக்குப் பழையதின் நடுவில் வேறொன்று கிடக்கிறது. 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுகளுக்குள் வந்தபோது சனம் கையில் அகப்பட்டதோடு யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டது. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடிபட்டுக் காணாமற்போன ஆண்களை இன்றும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30 இரவில், அடைக்கலம் தேடிப்போன யாழ்ப்பாணத்தையும் விட்டு நாவற்குழிப் பாலத்தால் நடக்க வேண்டி வந்தது. நெடுந்தீவுக்காரருக்கு அதற்கும் முன்னாலே 1985 மே 15, குமுதினிப் படகில் நடந்த படுகொலை. இவை பழையவை, பயம் நிறைந்தவை, ஆண்டாண்டாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டவை. நினைவு ஆழப் பதிவதற்கு இந்த மூன்றும் காரணம். இறங்குதுறை உடைந்த பிறகு தீவுக்குள் மிஞ்சியிருப்பதில் இவை முன்வரிசையில் இருக்கும்.

நல்ல நினைவோடு இருந்த காலத்தில் மாமிக்கு இவற்றைக் கட்டுக்குள் வைக்க முடிந்தது. மனதில் அது எழும்போதெல்லாம், சண்டை முடிந்துவிட்டது, இது 2009க்குப் பிந்தைய காலம், வீடு திருப்பிக் கட்டியாயிற்று என்று அவரே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். அந்தச் சமாதானமும் பிந்திய நினைவுதான். நோய் முதலில் அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறது. ஆகவே பின்னேரம் வெளிச்சம் மங்கும்போது, கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தும்போது, ஹெலி ஒன்று தாழப் பறக்கும்போது, மாமிக்கு அது நினைவாக வருவதில்லை. அது நடந்துகொண்டிருக்கிறது. “வெளிக்கிடுங்கோ, பிள்ளையளை எடுங்கோ” என்று பையைக் கட்டத் தொடங்குவார். அமெரிக்கப் படைவீரர்களில் போர் மனவடு உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு என்று 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கண்டது. அந்தக் கணக்கு எங்கள் வீடுகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது வேறு கேள்வி. ஆனால் மறதி நோயையும் போரின் வடுவையும் இந்த ஊரில் பிரித்து வைத்து வைத்தியம் பார்க்க முடியாது என்பதே என் எண்ணம்.

பையைக் கட்டுகிறவரிடம் “மாமி, சண்டை எப்பவோ முடிஞ்சுது, விசர்க்கதை கதையாதையுங்கோ” என்றால் என்ன ஆகும்? ஆபத்து வருகிறது, யாருமே நம்பவில்லை. அன்று இருந்ததை விட மோசமான நிலை. அவர் இருக்கும் ஆண்டுக்குள் நீங்கள் போக வேண்டும், ஆனால் பயத்தோடு போகக்கூடாது, பாதுகாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். “நான் பக்கத்திலை நிக்கிறன் மாமி. பிள்ளையள் எல்லாரும் உள்ளுக்கை இருக்கினம். படலை பூட்டியாச்சு.” மூன்றும் அந்த நிமிடத்தில் உண்மை. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பொழுதுபட முன்னரே விளக்கைப் போடுங்கள், தொலைக்காட்சியில் செய்தி ஓடினால் நிறுத்துங்கள். திருவிழா வெடிக்கு முதல் நாளே கோயில்காரரிடம் நேரத்தைக் கேட்டு, அந்த நேரம் மாமியைப் பின்பக்க அறையில் வைத்துத் தேவாரம் சத்தமாகப் போட்டுவிடுங்கள். நெடுந்தீவிலிருந்து கிளினிக்குக்கு வர மறுத்துப் படகடியில் நடுங்குகிறவரை இழுத்து ஏற்றாதீர்கள். பழக்கமான ஒருவர் முன்னால் ஏறி இருந்து, கை நீட்டிக் கூப்பிடட்டும். பழைய படப்பெட்டியைத் திறக்கும்போதும் எந்தப் படம் எந்தக் கதவைத் திறக்கும் என்று முதலில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கைக்காரியின் சாமத்தியச் சடங்குப் படம் நல்லது. 1989இல் எடுத்த குடும்பப் படம் வேண்டாம்.

பயம் அடங்காமல் இரவெல்லாம் தொடர்ந்தால் அது வீட்டுக்குள் மட்டும் சமாளிக்கிற காரியம் அல்ல. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவு போர்க்காலத்தில் இந்த வடுக்களோடு வேலை செய்த இடம். வைத்தியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் தமிழ் மக்களின் போர் மனவடுவைப் பற்றி விரிவாக எழுதியதும் இந்தப் பகுதியில் பெற்ற அனுபவத்திலிருந்துதான். வர முடியாத நேரத்தில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

இறந்தவர்களைத் தேடுவது இன்னொரு துயரம். “அவர் இன்னும் கடையாலை வரேல்லையே” என்று இருபது ஆண்டுக்கு முன் இறந்த கணவரைக் கேட்டால், இறந்துவிட்டார் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வது ஒவ்வொரு தடவையும் புதுச் சாவீட்டைத் தொடக்குவதாகும். “அவர் எப்பிடிப்பட்டவர் மாமி, கடை எங்கை வைச்சிருந்தவர்?” என்று அவரைப் பற்றியே கதைக்க வைக்கலாம். பொய்யும் இல்லை, குத்தலும் இல்லை. ஆனால் காணாமற்போன மகனைத் தேடும் தாய்க்கு என்ன சொல்வது? 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடங்கி வீதியோரப் பந்தல்களில் படத்தோடு இருந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். நினைவு நன்றாக உள்ள குடும்பத்துக்கே தெரியாத பதிலை மறதி நோயுள்ள தாய்க்கு எப்படிச் சொல்வது? இதற்கு என்னிடம் ஒரு வாக்கியம் இல்லை. “வந்திடுவான்” என்று சொன்னால் படலைக்கே போய் இருந்துவிடுவார், “வரமாட்டான்” என்று சொல்ல யாருக்கு உரிமை? “அவனை நினைச்சுக்கொண்டிருக்கிறியளோ அம்மா” என்று பக்கத்தில் இருந்து, அவன் சின்னனில் செய்த குழப்படியைச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். அழுதால் அழட்டும். அழாதே என்று சொல்லவேண்டியதில்லை.

மில்னரின் நட்சத்திரத்தைச் சொன்னேன் அல்லவா, கைகள் மறப்பது மெதுவாக. மாமி இளமையில் நீத்துப்பெட்டி இழைத்தவர் என்றால் பனங்குருத்தோலையை வார்ந்து நனைத்து மடியில் போட்டுப் பாருங்கள். முடிக்காமல் விடலாம், கோணலாகப் போகலாம், பரவாயில்லை. கீரை ஆய்வது, அரிசி புடைப்பது, உடுப்பு மடிப்பது எல்லாம் இதே வகை. மடித்ததை அவர் காணாமல் குலைத்து மறுபடி கொடுத்தாலும் குற்றமில்லை. தீவுப்பகுதி ஆண்களில் எத்தனையோ பேர் இளமையைத் தென்னிலங்கைக் கடைகளில் கழித்தவர்கள். அப்படிப்பட்ட ஒருவர் விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பிக் கடை திறக்கவேண்டும் என்பார், பேரனிடம் சிங்களத்தில் விலை சொல்வார். அவரோடு வாதாடுவதை விட, பழைய பத்திரிகைத் தாளும் நூலும் கொஞ்சம் பருப்பும் கொடுத்துச் சரை சுற்றச் சொல்லுங்கள். கடையைத் திறந்த நிம்மதி வந்துவிடும். பிந்திப் படித்த மொழி முதலில் தேய்ந்து தாய்மொழி கடைசிவரை நிற்பதும் பரவலாகக் காணப்படுவது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் முதியோர் இல்லங்களில், நாற்பது ஆண்டு ஆங்கிலம் பேசி வேலை செய்தவர்கள் தமிழுக்குத் திரும்பிவிட, சுற்றியுள்ள யாருக்கும் அவர்கள் தண்ணீர் கேட்பது விளங்காமல் போகிறது. அங்கே இருக்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. நகரத்துப் புத்தகங்கள் அடுப்பையும் மாடிப்படியையும் சொல்லும். எங்களுக்கு முதல் ஆபத்து கிணறு, இரண்டாவது கடல். கட்டுக் குறைந்த கிணற்றுக்கு இரும்பு வலை மூடி போடுங்கள். படலையில் ஒரு மணியைக் கட்டுங்கள். “மாமியைத் தனியக் கண்டால் மறியாதையுங்கோ, கதைச்சுக்கொண்டு கூட்டிவாங்கோ” என்று ஒழுங்கைக்காரருக்கும் கடைக்காரருக்கும் இறங்குதுறையில் நிற்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. சோளகக் காலத்தில் தாகம் தெரியாமலே உடம்பு வற்றும். நல்ல தண்ணீருக்குப் பவுசரைப் பார்த்திருக்கிற ஊரில் முதியவர்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கப் பழகியவர்கள். நேற்றுவரை ஓரளவு இருந்தவர் ஒரே நாளில் ஆளே மாறிக் குழம்பினால் அது நோய் முற்றியதால் அல்ல என்றே முதலில் எண்ணுங்கள். தண்ணீர்க் குறைவு, சலத்தொற்று, மலச்சிக்கல், காய்ச்சல், புதுக் குளிசை, இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டிய காரியம் அது.

மருந்து உண்டா என்றும் கேட்டார். டொனெபெசில் போன்ற குளிசைகள் 1996 முதல் பாவனையில் உள்ளன. சிலருக்குக் கொஞ்சக் காலம் கொஞ்சம் உதவும், நோயை நிறுத்தாது. அமெரிக்காவில் 2023இல் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் ஊசி, நோய் தொடங்கும் நிலையில் உள்ளவர்களுக்கு அதன் வேகத்தைச் சற்றுக் குறைக்கிறது. மூளை வீக்கம், கசிவு வருகிறதா என்று அடிக்கடி படம் எடுத்துப் பார்க்கவேண்டும். தீவிலிருக்கும் மாமிக்கு அது இப்போதைக்கு வழி அல்ல. மருமகளின் வயதுக்காரருக்குத்தான் சொல்ல அதிகம் இருக்கிறது: பிரஷர், சீனி, கொழுப்பு, புகை, குடி, கேளாத காது, மங்கிய கண், தனிமை உட்பட 14 காரணங்களைக் கவனித்தால் உலகத்தில் டிமென்சியாவின் 45 சதவீதம் வரையில் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் ஆணைக்குழு 2024இல் கணக்கிட்டது. கண்ணில் புரை முத்தட்டும் என்று காத்திருக்கிறவர்கள் அறுவைச் சிகிச்சையை இப்போதே செய்துவிடலாம்.

கடைசியாக வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள். அவர்கள் காசு அனுப்புகிறார்கள், அதில்தான் குளிசையும் பம்பர்ஸும் வாங்கப்படுகின்றன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து “அம்மா, நான் ஆர் எண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்று கேட்கிறார்கள். அன்பினால் கேட்கும் கேள்விதான். அம்மாவுக்கு அது பரீட்சை, அவர் தோற்கும் பரீட்சை. அழைப்பு முடிந்த பிறகு அந்தக் கலக்கத்தோடு பொழுதைக் கழிப்பது மருமகள். “அம்மா, நான் உங்கடை மூத்தவன், கனடாவிலை இருந்து கதைக்கிறன். கோழிப் புட்டு ஞாபகம் வந்தது” என்று தொடங்கினால் அவருக்கு ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, சிரித்தால் போதும். பராமரிப்பவர் தன் அடிவயிற்று வலியையும் பிரஷரையும் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார், முழு இரவு நித்திரை கண்டு மாதங்களாகின்றன. அவருக்குத் தேவை நாட்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர் ஹோட்டலில் தங்காமல் இரண்டு கிழமை அந்த வீட்டில் இருந்து, மாமியின் பொறுப்பைக் கையில் எடுத்து, மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்பி வைக்கவேண்டும். எந்தப் பணத்தாலும் அதை வாங்க முடியாது.

அதற்கு வசதியாக அந்தப் பெண் இப்போது ஒரு சீ.ஆர். கொப்பி தொடங்கியிருக்கிறார். முதல் பக்கத்தில் குளிசைப் பெயரும் நேரமும். அடுத்ததில் கிளினிக் திகதிகள், எந்தக் குளிசை ஒத்துக்கொள்ளவில்லை என்பது. அதற்குப் பிறகு, மாமி சங்கிலி ஒளிக்கும் நாலு இடம், குளிக்க ஒப்புக்கொள்ளும் நேரம், கேட்டால் முகம் மலரும் இரண்டு தேவாரம், ஒருபோதும் அவர் முன்னால் சொல்லக்கூடாத மூன்று பெயர், பின்னேரம் ஐந்தரைக்கு முன் முன்வாசல் விளக்கைப் போடவேண்டும் என்பது. மைத்துனர் ஓகஸ்டில் வருகிறார். அதற்கு முன் கொப்பியைப் படமெடுத்து அவருக்கு அனுப்பி வைக்கச் சொன்னேன்.